சேலம் பைனலும் ஒரு சுளுக்கும்

காது குத்துவதற்கு வருசத்தில் வேறு நாளே இல்லையா? இதைத்தான் காசிநாதன் வெள்ளிக்கிழமை காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். கடைக்கு வந்தவரைக் கேட்டார். கடைக்கு வராமல் தெருவோடு போனவரையும் நிறுத்திக் கேட்டார். சட்டைக்கு அளவு கொடுக்க வந்த ஒரு மனிதர், தான் யாருக்கும் காது குத்தவில்லை என்று சத்தியம் செய்துவிட்டு, அளவு கொடுக்காமலே போய்விட்டார்.

விஷயம் இதுதான். மாஸ்கோவில் இந்தியா ஹாக்கித் தங்கம் வாங்கி ஒரு வருசம் ஆகியிருந்தது. அந்த வேகமோ என்னவோ, கள்ளக்குறிச்சி கல்லூரிப் பையன்கள் மண்டல பைனலுக்கு வந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குச் சேலத்தில் ஆட்டம். அதே ஞாயிற்றுக்கிழமை வடக்கனந்தலில் காசிநாதனின் சகலை அய்யனார் தன் மகனுக்குக் காது குத்துகிறார். கல்லூரி வரலாற்றில் இது முதல் பைனல். அய்யனார் வரலாற்றில் இது நாலாவது காதுகுத்து. எது முக்கியம் என்று காது குத்தப்படுகிற குழந்தையைக் கேட்டால்கூடச் சொல்லும் என்பது காசிநாதனின் கட்சி.

அவருடைய தையல் கடை கல்லூரி வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. ஆட்டக்காரர்களின் பச்சை பனியனுக்குப் பின்னால் நம்பர் தைத்தது அவர்தான். பத்தொன்பது வருசத்துக்கு முன்னால் அவரும் அங்கே ஒரு வருசம் பி.யூ.சி. படித்தார். பதினோரு பேர் கொண்ட அணியில் பன்னிரண்டாவது ஆளாக இருந்தார். அந்த வருசம் ஒருத்தனுக்கும் அடிபடவில்லை. அந்த வயிற்றெரிச்சலோ என்னவோ, அன்று முதல் யாருக்கு எங்கே அடி என்பதில் அவருக்கு ஒரு தனி அக்கறை.

"கீப்பருக்கு சுண்டுவெரலு இன்னா ஆச்சி?" என்றார், மிஷினை மிதித்துக்கொண்டே.

"வீக்கம் வடிஞ்சிக்கினு இருக்குது அண்ணே," என்றான் ராஜாங்கம். மண்டியில் கணக்கெழுதுகிறவன். ஆனால் பாதி நாள் காசிநாதன் கடை பெஞ்சில்தான் இருப்பான்.

"லெப்ட் பேக்கு?"

"தொடையில புடிப்பு. குனிஞ்சா நிமிர முடியல, நிமிந்தா குனிய முடியல."

"குனிஞ்சே இருக்கச் சொல்லு. ஆட்டத்துக்கு அதான் வேணும். நம்ம சடையன்?"

"சடையனுக்கு இன்னா, கல்லு மாதிரி இருக்கான்."

காசிநாதன் நிம்மதியாக நூலைக் கடித்தார். சடையன்தான் சென்டர் பார்வர்டு. கல்வராயன் மலைக்காரப் பையன். மேட்டிலும் பள்ளத்திலும் ஓடி வளர்ந்தவனுக்குச் சமதரையில் ஓடுவது உட்கார்ந்திருப்பது மாதிரி. அவன் ஆடினால் கப்பு கள்ளக்குறிச்சிக்கு, ஆடாவிட்டால் சேலத்துக்கு. இதில் ஊரில் இரண்டு கருத்து கிடையாது.

பிறகு எப்படிப் போவது என்ற பேச்சு வந்தது. சின்னசேலம் போய் ரயில் ஏறலாம் என்று ஒரு கட்சி, பஸ்தான் நல்லது என்று ஒரு கட்சி. கடைசியில் பி.டி. மாஸ்டர் கந்தசாமியே ஒரு வேனுக்கு ஏற்பாடு செய்துவிட்டார். ஆட்டக்காரர்கள் போக ரசிகர்களுக்கு இரண்டே இடம். ஒன்று ராஜாங்கத்துக்கு. இன்னொன்றில் காசிநாதன் மானசீகமாக ஏறி உட்கார்ந்து ஒரு வாரம் ஆகிவிட்டது.

"அண்ணி வுடுமா அண்ணே?" என்று ராஜாங்கம் கேட்டதுதான் தாமதம், காசிநாதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வுடறது இன்னாடா வுடறது? நான் இன்னா கன்னுக்குட்டியா? எனக்கு காலு சுளுக்கிக்கிச்சி. நான் காதுகுத்துக்கு வரல. அவ்ளோதான்."

ராஜாங்கம் அவர் காலைப் பார்த்தான். அது மிஷினை மிதித்துக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு சாயந்தரம் சுளுக்கிக்கும்," என்று விளக்கினார் காசிநாதன்.

ராஜாங்கம் வாயைப் பிளந்தான். அவன் பிளந்ததிலும் நியாயம் இருந்தது. காசிநாதன் மனைவி செவ்வந்தி இரட்டைப் பெண் பெற்றவள். இரட்டைப் பிள்ளை பெற்றவள் கைபட்டால் சுளுக்கு போய்விடும் என்பது ஊர் நம்பிக்கை. அந்தக் கை ஊர்ச் சுளுக்கெல்லாம் எடுத்து எடுத்து, எது சுளுக்கு, எது சோம்பேறித்தனம் என்று தொடாமலே சொல்லும். அந்த வீட்டில் போய்ச் சுளுக்கு என்று படுப்பதா?

"அங்கதான்டா இருக்குது மூளை," என்றார் காசிநாதன். "ஊருக்கெல்லாம் எடுப்பா, கட்டுன புருசனுக்கு எடுக்கக் கூடாது. எடுத்தா பலிக்காது. அவ எனக்கு சுளுக்கு எடுக்க காலத் தொடவே மாட்டா. இந்த ஊர்ல இன்னொரு ரெட்டப் புள்ளக்காரி கொளஞ்சியம்மா. அது குடும்பத்தோட மூங்கில்துறப்பட்டுக்கு கரும்பு வெட்டப் போயிக்கிது. பாக்கறதுக்கு ஆளே இல்ல. ஞாயித்துக்கெழம காலைல அவ புள்ளைங்கள இட்டுக்கினு பஸ் ஏறுவா. ஒம்பது மணிக்கு நான் வேன் ஏறுவேன். அவ வர்றதுக்குள்ள வந்து படுத்துக்குவேன்."

ராஜாங்கம் எழுந்து நின்று கும்பிட்டான். காசிநாதனும் அதை மறுக்கவில்லை.

அன்று சாயந்தரம் தண்ணீர்க் குழாய்ப் படியில் சுளுக்கிக்கொண்டது. கத்தின கத்தலில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. செவ்வந்தி வந்து பார்த்தாள். கீழே உட்கார்ந்து இரண்டு கையாலும் வலது காலைப் பிடித்துக்கொண்டிருந்த புருசனையும் படியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எப்டி உழுந்தீங்க?"

"வழுக்கிச்சி."

"படி காஞ்சிக்கினு இருக்குதே?"

"இப்ப படியா முக்கியம்? உயிரு போவுது! தொட்டுடாத. நீ தொட்டா பலிக்காதுன்னு உனக்கே தெரியும்."

"ஆமாங்க," என்றாள் செவ்வந்தி. "நீவக் கூடாதுதான். ஆனா கட்டுப் போடலாம். அதுக்கு தோசமில்ல."

இதைக் காசிநாதன் எதிர்பார்க்கவில்லை. அவர் மறுப்புச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் ஆறு முட்டை வந்துவிட்டது. வெள்ளைக்கருவில் உளுத்தமாவைக் குழைத்து, விரலிலிருந்து முட்டிவரை அப்பினாள். மேலே பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றினாள். அதன்மேல் நாலு மூங்கில் பத்தை. அதன்மேல் மறுபடி வேட்டி, மறுபடி மாவு. இரட்டைப் பெண்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்து கட்டை இறுக்கக் கயிறு இழுத்தார்கள். சாமி தேருக்குக்கூட அவ்வளவு பக்தியாக இழுத்திருக்க மாட்டார்கள்.

"சுளுக்குக்கு இவ்ளோவா?" என்றார் காசிநாதன், சுரத்தே இல்லாமல்.

"நீங்க கத்துன கத்தலுக்கு இது கம்மிங்க. மூணு நாளைக்கு அசைக்கக் கூடாது."

மாவு காய்ந்ததும் கால் உரல் மாதிரி ஆகிவிட்டது. போகட்டும், அவள் பஸ் ஏறினதும் தையல் கத்திரியால் அறுத்துப் போட்டுவிடலாம் என்று காசிநாதன் மனசைத் தேற்றிக்கொண்டார்.

"கடை கத்திரிய எடுத்தாந்து தலமாட்டுல வையேன்," என்றார்.

"சாண புடிக்கக் குடுத்துட்டேங்க. எப்பிடியும் மூணு நாளைக்கு நீங்க தைக்கப் போறதில்லியே."

அவள் முகத்தில் கவலையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அதுதான் காசிநாதனுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. ஆனாலும் சமையலறையில் அரிவாள்மணை இருந்தது. வழி இருக்கிறவரை மனுசன் நம்பிக்கையை விடக்கூடாது.

சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். காசிநாதன் முன்கட்டில் கட்டிலில் படுத்து, நாளைய ஆட்டத்தை மனசுக்குள் ஆடிக்கொண்டிருந்தார். வாசலில் ராஜாங்கத்தின் அலறல் கேட்டது.

"அண்ணே! சடையன் காலு போச்சி அண்ணே!"

அவ்வளவுதான். கட்டிலிலிருந்து ஒரே தாவு. டொக் டொக்கென்று இரண்டு காலாலும் தெருவுக்கு ஓடினார். இரண்டு பையன்கள் தோளில் தொங்கிக்கொண்டு சடையன் வந்துகொண்டிருந்தான். பின்னால் பி.டி. மாஸ்டர் கந்தசாமி, முகமெல்லாம் சாம்பல் பூத்து. காசிநாதன் சடையனை அப்படியே இடுப்போடு தூக்கி, உள்ளே கொண்டுவந்து தம்முடைய கட்டிலில் கிடத்தினார். விசிறி எடுத்து வீசினார். ஓடிப் போய் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அப்புறம்தான் வீட்டில் எல்லோரும் தன் காலையே பார்க்கிறார்கள் என்பது அவருக்கு உறைத்தது.

"அய்யோ," என்றார் மெதுவாக, சுவரைப் பிடித்துக்கொண்டு.

"மொதல்ல ஒக்காருங்க," என்றாள் செவ்வந்தி. "வலிக்கப் போவுது."

அவள் சடையன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். மைதானத்தில் எலிவளையில் கால் விட்டிருக்கிறான். கணுக்கால் பந்து மாதிரி இருந்தது. செவ்வந்தி விளக்கெண்ணெயைச் சுடவைத்துத் தொட்டு, மேலிருந்து கீழாக நீவினாள். அவனிடம் மலையில் இந்த வருசம் சாமை எப்படி என்று கேட்டாள். "நல்லா வெளைஞ்சிருக்..." என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் ஒரு சொடக்கு. "க்குதுங்கக்கா!" என்று கத்தி முடித்தான். கால் மணி நேரத்தில் எழுந்து நின்றான். ஒரு மணி நேரத்தில் நடந்தான்.

கந்தசாமி மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "நாளைக்கு ஆட்டம் முடியறவரைக்கும் தாங்குமாம்மா?"

"முழுசும் தாங்காது சார். பாதி ஆட்டத்துல ஒரு தபா எண்ணெய் போட்டு நீவி உடணும். இல்லன்னா பூட்டிக்கும்."

"அப்ப நீங்களும் வேன்ல வந்துடணும்."

"நானா? நாளைக்கு எங்கக்கா வூட்ல காதுகுத்து சார்."

இந்த இடத்தில் காசிநாதன் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருக்கிற மனிதராக இருந்தால் இந்தக் கதையே இல்லை. "காதுகுத்தாவது ஒண்ணாவது!" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பாய்ந்தார். "ஊரு மானம் தொங்கிக்கினு இருக்குது, காதப் பத்திப் பேசறா! நீ போற. போயி நீவற."

"எங்கக்கா கோச்சிக்குமேங்க? நம்ம வூட்லேருந்து ஒருத்தராவது போயி சீர்த்தட்டு வெக்க வாணாமா?"

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன்!"

"பாத்துக்கிறீங்களா?"

"பாத்துக்கறேன்னா பாத்துக்கறேன்!"

செவ்வந்தி கந்தசாமி மாஸ்டரைப் பார்த்துச் சிரித்தாள். "சரி சார், வரேன். இவரே காதுகுத்துக்குப் போறாராம்."

காசிநாதன் சொன்னது, சகலையிடம் பின்னால் பேசிச் சமாளித்துக்கொள்கிறேன் என்ற அர்த்தத்தில். அதைச் சொல்ல இப்போது வழியில்லை. "நா... நானா? இந்தக் காலோட எப்டி பஸ் ஏறுவேன்?"

"பஸ்ஸு எதுக்குங்க? அக்கா வூட்டு மாமா கிட்ட சொல்லி அனுப்பறேன். டயர் வண்டில வைக்கோல் மெத்த போட்டு வந்து இட்டுக்கினு போவும். புள்ளைங்க ரெண்டும் தொணைக்கு இருக்கும்."

"இல்ல செவ்வந்தி, பொம்பள நீ தனியா அவ்ளோ தூரம்... நானும் தொணைக்கு வேன்லயே..."

"இந்தக் காலோட வேன்ல எப்டிங்க?" என்றார் கந்தசாமி மாஸ்டர், உண்மையான இரக்கத்தோடு. "எடமும் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. ஏம்பா ராஜாங்கம், அந்த எடம் யாருக்குன்னு சொன்ன?"

ராஜாங்கம் காசிநாதனைப் பார்த்தான். காசிநாதன் ராஜாங்கத்தைப் பார்த்தார். "அது சும்மாதான் சார் கெடக்குது," என்றான் அந்தத் துரோகி. "அண்ணியே ஒக்காரட்டும்."

அன்றைக்கு முழுக்கக் காசிநாதன் தனக்குள் போராடினார். உண்மையைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் பைனல் போகும். மானம் இன்றைக்குப் போனால் நாளைக்கு வரும், பைனல் வருமா? பத்தொன்பது வருசம் காத்திருந்து வந்த பைனல்! ஞாயிறு காலை எழும்போது அவர் ஒரு முடிவோடு எழுந்தார். வேனில் ஏற வேண்டும். அதற்கு ஊர் முன்னால் பொய்யன் என்று பெயரெடுத்தாலும் சரிதான்.

எட்டரைக்கே வாசலில் வேன் வந்து நின்றது. பின்னாலேயே அய்யனாரின் டயர் வண்டியும் வந்தது. செவ்வந்தி தேர்க்கரைப் புடவை கட்டி, கையில் விளக்கெண்ணெய்ப் பாட்டிலோடு வீட்டிலிருந்து இறங்கினாள். ஆட்டக்காரர்கள் எல்லோரும் தலையை வெளியே நீட்டிக் கும்பிட்டார்கள். காசிநாதன் டொக் டொக்கென்று நடந்து வேன் வாசலை மறித்து நின்றார்.

"செவ்வந்தி! எல்லாருக்கும் சொல்றேன், கேளுங்க. எங் காலுக்கு ஒண்ணுமே இல்ல. சுளுக்கே இல்ல. நான் சொன்னது பொய்யி!" என்று சொல்லி, மூங்கில் பத்தைக் காலால் தரையை ஓங்கி ஓங்கி மிதித்துக் காட்டினார்.

செவ்வந்தி கண்ணை முந்தானையால் ஒற்றிக்கொண்டாள்.

"பாத்தீங்களா சார்? பாத்தீங்களா தம்பிங்களா? நான் தனியா போறனேன்னு மனசு கேக்கல. தொணைக்கு வரணும்னு, வலியப் பொறுத்துக்கினு, சுளுக்கே இல்லன்னு பொய் சொல்றாரு. நேத்து சடையன் தம்பிக்காக எப்டி ஓடுனாரு, நீங்களே பாத்தீங்கல்ல? அப்பேர்ப்பட்ட மனசு. இப்பிடி ஒரு மனுசன் யாருக்குக் கெடைப்பாரு?"

வேனுக்குள் கைதட்டல் கூரையைப் பிளந்தது. சடையன் இறங்கி வந்து காசிநாதன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கட்டுப் போட்ட காலைத்தான். "அண்ணன் வலிக்காகவே ஜெயிக்கிறோம்டா!" என்றான் ரைட் அவுட். கந்தசாமி மாஸ்டர் மூக்கை உறிஞ்சினார்.

"யோவ், நெஜமாத்தான்யா சொல்றேன்! ராஜாங்கம், நீ சொல்லேன்டா!"

ராஜாங்கம் வானத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். சொன்னால் கூட்டுச்சதியில் அவன் பெயரும் வரும். அண்ணியிடம் சுளுக்குக்குப் போக வேண்டிய காலம் அவனுக்கும் ஒருநாள் வரும். வேன் கிளம்பியது. சன்னல் ஓரத்து இருக்கை, காசிநாதன் ஒரு வாரமாக உட்கார்ந்திருந்த அதே இருக்கை, அதிலிருந்து செவ்வந்தி கையசைத்தாள்.

"வா சகல," என்று அய்யனார் அவரை அள்ளி வைக்கோலில் போட்டார்.

வடக்கனந்தல் போய்ச் சேர்ந்ததும் வண்டியோடு கோவில் வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டார்கள். சீர்த்தட்டைக் காசிநாதன் வண்டியிலிருந்தபடியே எடுத்துக் கொடுத்தார். வந்த உறவெல்லாம் கட்டை ஒருமுறை தட்டிப் பார்த்து, "கெட்டியா இருக்குது," என்று சான்று கொடுத்துவிட்டுப் போனது. செவ்வந்தியின் அக்கா கமலா தட்டில் கறிச்சோறு கொண்டுவந்து ஊட்டவே ஆரம்பித்துவிட்டாள். மூன்று மணிக்கு, அங்கே சேலத்தில் விசில் ஊதியிருப்பான் என்று நினைத்தபோது, காசிநாதனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலை மெதுவாகக் கீழே இறக்கினார். சின்னசேலம் ரோட்டுக்குப் போய் ஏதாவது லாரியைப் பிடித்தால்கூடக் கடைசி ஐந்து நிமிசமாவது...

"பெரியப்பா!" என்று இரட்டைப் பெண்கள் ஒரே குரலில் கத்தினார்கள். "அப்பா கால எறக்குறாரு!"

"ஏன்டி கத்தறீங்க?"

"கால எறக்குனா கத்தணும்னு அம்மா சொல்லிச்சி."

நாலு பேர் ஓடிவந்து காலைத் தூக்கி மறுபடி வைக்கோலில் வைத்தார்கள். அதே நேரம் கோவிலுக்குள் காது குத்தி, குழந்தை வீறிட்டது. காசிநாதன் கண்ணிலும் தண்ணீர் வந்தது. "குழந்த அழுதா தாங்க மாட்டாரு, பாவம்," என்றாள் கமலா.

திங்கட்கிழமை காலையில் வீட்டில் செவ்வந்தி வெந்நீரை ஊற்றி ஊற்றிக் கட்டைப் பிரித்தாள். அவள் தொண்டை சுத்தமாகக் கட்டியிருந்தது. அவ்வளவு கத்தியிருக்கிறாள். காசிநாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்கக்கூடாது, கேட்கவே கூடாது என்று பல்லைக் கடித்தார். பத்து நிமிசம் கடித்தார்.

"எத்தினி கோலு?"

"ரெண்டுக்கு ஒண்ணு. நாமதான். ரெண்டும் சடையன். மொதல் கோலு அவங்க போட்டாங்க, பெனால்டி கார்னர்ல. நம்ம பேக்கு ஏறி வரத்துக்கு ஒரு நொடி லேட்டு. தொடப் புடிப்பு இருக்கறவன எதுக்கு அங்க நிறுத்தணும்னு நான் மாஸ்டர கேட்டேன். மாத்துனாரு. அப்புறம்தான் ஆட்டமே நிமிந்துச்சி."

பத்தொன்பது வருசமாகக் காசிநாதன் சொல்லி ஒரு மாஸ்டரும் ஒருத்தனையும் மாற்றியது கிடையாது. குனிந்துகொண்டே ஓடுகிறவர்கள் நாத்து நடவாவது வரக்கூடாதா என்று போன மாசம்வரை கேட்டுக்கொண்டிருந்தவள் இவள். உள்ளே பொங்குவது பெருமையா, பொறாமையா, இல்லை மகா அநியாயம் என்பதா என்று பிரித்துப் பார்க்க அவருக்குப் பொறுமையில்லை.

"அநியாயம்!" என்றார் பொதுவாக.

செவ்வந்தி கடைசிப் பத்தையை எடுத்துவிட்டு, காலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். மாவு ஊறி வெளுத்திருந்ததே தவிர, ஒரு குறையும் இல்லை. தரையைத் துடைத்தாள். உடைந்த மாவுக்கட்டியை முறத்தில் வாரினாள்.

"அடுத்த மேட்ச்சு திருச்சிலங்க, வர்ற மாசம் ரெண்டாவது ஞாயிறு. மாஸ்டர் எனக்கு இப்பவே எடம் போட்டுட்டாரு," என்றாள். "அன்னிக்கு எந்தக் காலு சுளுக்கிக்கும்னு முன்கூட்டியே சொல்லிடுங்க, முட்ட வாங்கி வெக்கணும்."